வலம் வந்த கிடாய்

ஜனவரி 19, திங்கள்

நரியாடி ஏந்தலுக்கு வந்து இன்றோடு மூன்று வருடம். கால்நடை மருந்தகத்தில் இருப்பது டாக்டராகிய நான், உதவியாளர் சவரிமுத்து, ஓடாத ஒரு குளிர்சாதனப் பெட்டி. பெட்டியில் சவரிமுத்து தன் டிபன் கேரியரையும் செருப்பையும் வைத்துக்கொள்கிறார். மனைவி மனோகரி கும்பகோணத்தில் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறாள். மாறுதல் கேட்டு ஒன்பது மனு எழுதிவிட்டேன். கையெழுத்து அழகானதுதான் மிச்சம்.

காலையில் கருப்பர் கோயிலில் ஒரே கூட்டம். கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. பொட்டலில் ஒரு பீடம், அதன் மேல் நட்ட ஆளுயர அரிவாள்கள், பக்கத்தில் ஒரு குட்டைச் சுவர், சுற்றிலும் முள்வேலி. ஏழுநாய்க் கருப்பர் என்று பெயர். பெயருக்குத் தக்கபடி ஏழு நாய்கள் அங்கேயே படுத்திருக்கும். ஒன்று செத்தால் ஊரே அலைந்து இன்னொன்றைப் பிடித்து வந்து எண்ணிக்கையைச் சரிசெய்துவிடும். எங்கள் மருந்தகத்தில் ஒரு காலியிடம் நான்கு வருடமாக நிரப்பப்படவில்லை. டவுன் பஸ்கூடப் பீடத்தை ஒரு சுற்று வலமாக வந்துதான் நிற்கும், கிளம்பும்போதும் ஒரு சுற்று. முன்பொரு டிரைவர் இடப்பக்கமாகத் திருப்பினாராம், மறுநாளே டயர் வெடித்ததாம். அந்தப் பஸ்ஸின் மற்ற டயர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை வெடிக்காமல் இருப்பதற்குத்தான் கருப்பருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குக் காரணம் ஒரு செம்மறிக் கிடாய். ஆடு மேய்க்கும் பூமயிலின் மந்தையிலிருந்து பிரிந்து வந்து, தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, பீடத்தை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் ராசாங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீகளா டாக்டர் சார், பத்து மாசக் குட்டி. பிரதட்சணம் பண்ணச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க” என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

சவரிமுத்து ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“சார், இது சுத்து நோய்தான?”

நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

“நாய் வயித்துல நாடாப்புழு இருக்கும். அதோட முட்டை நாய்ப் பீயில வந்து புல்லுல ஒட்டும். ஆடு மேயும். குஞ்சுப் புழு ஆட்டு மூளையில போயி தண்ணிக்கட்டியா உக்காந்துரும். கட்டி வலப்பக்கம் இருந்தா ஆடு வலமாச் சுத்தும். அந்த ஆட்டுத் தலைய மறுபடி நாய் திங்கும். நீங்கதான சார் போன வருசம் முகாம்ல மைக்குல சொன்னீக? வருசா வருசம் களரியில வெட்டுற மொதக் கிடாயி தலைய அந்த ஏழு நாய்க்கும் பச்சையாத்தான போடுறாக?”

“சவரிமுத்து, உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் எத்தனை மாசம்?”

“ஏழு சார்.”

“நல்லபடியா ஆகுங்க.”

அவர் சொன்னது என் காதில் விழவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

கிடாய்க்கு மாலை போட்டாகிவிட்டது. ஓடிவிடக் கூடாது என்று கயிற்றால் பீடத்தின் முளையிலேயே கட்டியும் விட்டார்கள். முளையில் கட்டிய ஆடு முளையைத்தான் சுற்றும். அதையும் சாமி என்கிறார்கள். மத்தியானம் அது சுவரில் தலையை முட்டியபடி அரைமணி நேரம் நின்றது. “மன்னிப்புக் கேக்குது” என்றார் சன்னாசிப் பூசாரி. யாரிடம், எதற்கு என்று அவர் விளக்கவில்லை. ஒரு மனிதன் அப்படி நின்றால் தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள்.

மாசி கடைசி வெள்ளி களரி. குலசாமிக்குக் கிடாய் வெட்டும் நாள். முதல் வெட்டு இந்தக் கிடாய்தான் என்று முடிவாகிவிட்டது. பூமயிலை யாரும் கேட்கவில்லை. சாமி எடுத்துக்கொண்டதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆட்டுக்காரியிடம் கேட்கும் வழக்கம் இல்லையாம்.

ஜனவரி 27, செவ்வாய்

ராசாங்கம் மருந்தகத்துக்கே வந்தார். வீட்டுப் பூனைக்குச் சீக்கு என்றால்கூட இந்தப் பக்கம் வராதவர். கிடாய் படம் போனில் ஊர் ஊராகப் போய்விட்டதாம். சீக்கு ஆட்டைக் கட்டிவைத்துக் கொடுமை செய்வதாக எவரோ மதுரையிலிருந்து போன் செய்து மிரட்டினார்களாம். “ஆடு நல்லா இருக்குன்னு நீங்க ஒரு சர்ட்டிபிகேட் குடுத்துருங்க. போதும்.”

பிறகு என் நாற்காலியையும் ஓட்டுக் கூரையையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “எத்தன நாளைக்கு இங்கயே கெடப்பீக? களரி நல்லபடியா முடியட்டும். மேல நம்ம சம்பந்தி இருக்காரு. கும்பகோணம்தான?”

கும்பகோணம்தான் என்றேன்.

சாயங்காலம் போய்க் கிடாயைப் பரிசோதித்தேன். கொம்புக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்தினேன். எலும்பு அப்பளம் மாதிரி அமுங்கியது. இதற்கு என்ன பொருள் என்பதை எழுத இப்போது நேரமில்லை. வேலிக்கு வெளியே பூமயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ட்டிபிகேட்டில் எழுதியது: ‘மேற்படி கிடாய் நன்கு உண்கிறது, அருந்துகிறது, சுறுசுறுப்பாக நடமாடுகிறது.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாள் முழுக்க நடமாடுகிறதே.

பிப்ரவரி 2, திங்கள்

மனு மேசைக்கு வந்துவிட்டதாம். எந்த மேசை என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

சிக்கல். பூமயிலின் மந்தையில் இன்னொன்றும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பெட்டைக்குட்டி. இது இடப்பக்கமாகச் சுற்றுகிறது.

ஊர் கதிகலங்கிப் போயிற்று. வலமாகச் சுற்றினால் சாமி, இடமாகச் சுற்றினால் என்ன? சன்னாசிப் பூசாரி ஒரு நாள் முழுக்க யோசித்துச் சூனியம் என்றார். வேறு ஒருவர் குட்டியைத் திருப்பி நிறுத்திப் பார்க்கலாம் என்றார். திருப்பி நிறுத்தினார்கள். திரும்பி நின்றும் இடமாகவே சுற்றியது. கருப்பருக்கு எதிராக இவ்வளவு தைரியம் காட்டிய ஒரே ஜீவன் இந்த ஊரில் அதுதான்.

பிப்ரவரி 11, புதன்

கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பூமயில் வேலிக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டாள். தீட்டோடு கோயில் புல்லில் ஆடு மேய்த்தாள், அதனால்தான் இடஞ்சுத்தி வந்தது என்பது குற்றச்சாட்டு.

ராசாங்கம் கேட்டார்: “டாக்டர் சார், அந்தப் பெட்டைக்கு என்ன?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இடப்பக்கம் சுற்றுவது நோய் என்றால் வலப்பக்கம் சுற்றுவதும் நோய். இதை ஒரு கூட்டத்தில் பாதி மட்டும் சொல்ல முடியாது. நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, “காதுக் கோளாறு மாதிரி தெரியுது” என்றேன்.

ராசாங்கத்தின் முகம் மலர்ந்தது. தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் வந்தது. காதுக் கோளாறோ சூனியமோ, களரி முடிந்து கமிட்டி சொல்கிறவரை பூமயிலின் ஆடுகள் கோயில் பொட்டலிலும் கண்மாயிலும் மேயக் கூடாது. இந்த வெயிலில் வேறு எங்கும் பச்சை கிடையாது. நாற்பத்து மூன்று ஆடுகள்.

பூமயில் என்னை மட்டும் பார்த்தாள். கேசரி கொடுத்தார்கள். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 18, புதன்

பூமயில் இரண்டு ஆடுகளைத் தள்ளுவண்டியில் கிடத்திக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள். ஒன்றுக்குக் கண் தெரியவில்லை. இன்னொன்று எழுந்து நிற்கத் தடுமாறியது. மற்றவை இரை இல்லாமல் வேலிமுள்ளைக் கடிக்கின்றனவாம்.

“டாக்டரய்யா, ஒரே வார்த்த சொல்லுங்க. இது நோயா, சாமியா?”

“அதான் அன்னைக்கே சொன்னேனேம்மா, காது...”

“இது ரெண்டும் சுத்தக்கூட இல்லீங்களே. இதுக்கும் காதா?”

சத்து ஊசி போட்டேன்.

“இந்த ஆட்ட வச்சுத்தான் பிள்ளைய நர்சிங் சேத்தேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. நோயின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, எம்மேல குத்தம் இல்லன்னு கண்மாயத் தொறந்து விட்டுருவாக. அவ்வளவுதான் கேக்குறேன்.”

களரி முடியட்டும் என்றேன். ராசாங்கத்தின் குரல் மாதிரியே இருந்தது. சவரிமுத்து ஊசிகளைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நாய்களுக்கான நாடாப்புழு மாத்திரை அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கிறதாம். சவரிமுத்து ஞாபகப்படுத்தினார். “வாயத் தொறந்து ஒன்னும் சொல்ல வேணாம் சார். ஏழு நாய்க்கும் மாத்திரையக் குடுத்து, தலையையும் போடாம தடுத்துட்டா, அடுத்த வருசம் ஒரு ஆடும் சுத்தாது.”

கருப்பரின் நாய்க்கு நான் மாத்திரை போட, அது பொட்டலில் புழுப் புழுவாகக் கழிய, அதை ராசாங்கம் பார்க்க, என் மனு மேசையிலிருந்து குப்பைக் கூடைக்குப் போக! களரி முடியட்டும் என்றேன். இந்த ஊரில் எல்லாமே களரி முடிந்துதான்.

மனோகரி போனில் கேட்டாள்: “அந்த ஆடு டிவியில வந்துச்சே, உங்க ஊராமே. உண்மையிலேயே சாமியா?” நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி. களரி

விரிவாக எழுதுகிறேன். எழுதினால் குறையும் என்று ஒரு நினைப்பு.

காலை ஏழு மணிக்கே பொட்டல் நிறைந்துவிட்டது. வெளியூர்ப் பங்காளிகள் எல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். இருநூறு குடும்பம் தத்தம் கிடாயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. எனக்கு முன்வரிசையில் நாற்காலி. பூமயில் வேலிக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்தில் நின்றாள்.

வழக்கம் இதுதான். கிடாயின் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. முதல் கிடாய் சிலுப்பாமல் அடுத்த கிடாயைத் தொடவே முடியாது.

சன்னாசிப் பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். வலஞ்சுத்திக் கிடாய் தலையைச் சாய்த்தபடி நின்றது. இரண்டாவது செம்பு. நின்றது. மூன்றாவது. மஞ்சள் சொட்டச் சொட்ட, எதற்காக நனைகிறோம் என்று தெரியாமல் நின்றது. அதற்கு எப்படித் தெரியும்? சிலுப்பச் சொல்ல வேண்டிய மூளையில் வேறு ஆள் குடியிருக்கிறான்.

உறுமி மேளம் நின்றது. குலவை நின்றது. கால் மணி, அரை மணி. வெயில் ஏறியது. இருநூறு குடும்பமும் ராசாங்கத்தைப் பார்த்தது. ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தில் ஒரு குரல்: “அந்த இடஞ்சுத்தி பாவம்தான்யா தடுக்குது! அவ எல்லையில நிக்கிற வரைக்கும் கருப்பன் எப்புடி உத்தரவு குடுப்பான்?”

“அவள ஊர விட்டு அனுப்புங்க மொதல்ல!”

நாலைந்து பேர் வேலிப் பக்கம் போனார்கள். ராசாங்கம் என் காதருகே குனிந்தார். “டாக்டர் சார், எதையாச்சும் பண்ணுங்க. நீங்க சொன்னா சனம் கேக்கும்.”

அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு நிமிஷம் நான் சொன்னால் சனம் கேட்டிருக்கும். இந்த ஆடு சிலுப்பாது, இதற்கு உடம்பு சரியில்லை, அந்த அம்மாமேல் தப்பில்லை. மூன்றே வாக்கியம். வாயில் வந்து நின்றன.

நான் எழுந்தேன். பூசாரி கையிலிருந்த செம்பை வாங்கினேன். கிடாயின் தலை வலப்பக்கம் சாய்ந்திருந்ததால் இடக்காது மேலே பார்த்தபடி இருந்தது. அந்தக் காதுக்குள் ஊற்றினேன்.

காதில் தண்ணீர் போனால் எந்தப் பிராணியும் உதறும். மூளை எவ்வளவு போயிருந்தாலும் உதறும். கல்லூரியில் முதல் வருடப் பாடம்.

கிடாய் உதறியது. தலையிலிருந்து வால்வரை உதறியது. மஞ்சத்தண்ணி என் சட்டையெல்லாம் தெறித்தது. குலவை வானத்தைப் பிளந்தது. “டாக்டர் கைராசி!” என்று கத்தினார்கள். வேலிப் பக்கம் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். பூமயிலைக் காப்பாற்றத்தான் ஊற்றினேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படி நினைத்துக்கொண்டு தூங்கலாமா என்று பார்க்கிறேன்.

ஒரே வெட்டு. தலையைக் கல்லில் வைத்துப் பிளந்தார்கள். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை, கண்ணாடி மாதிரி தெளிவாக. சுவரில் வெள்ளை வெள்ளையாக நொய் அரிசி ஒட்டினாற்போல் புள்ளிகள். கத்தி பட்டதும் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது.

“கங்கை!” என்று பூசாரி அலறினார். “சாமி தலையில கங்கைடா!”

விழுந்து கும்பிட்டார்கள். கையில் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். முன்வரிசைக்கும் கொண்டுவந்தார்கள். எனக்குப் பட்டுத் துணியில் பரிவட்டம் கட்டினார்கள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

பிறகு தலையை, பையோடும் புள்ளிகளோடும், ஏழு நாய்களுக்கும் போட்டார்கள். நாய்களிடம் எந்தச் சந்தேகமும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் காலி.

ராசாங்கம் மைக்கைப் பிடித்தார். “இனிமே வருசா வருசம் கருப்பன் ஒரு கிடாயச் சுத்தவிடுவான்! இது எங்க வாக்கு!”

இன்றைக்கு அந்தப் பொட்டலில் பேசப்பட்ட ஒரே விஞ்ஞானம் அதுதான்.

மார்ச் 14, சனி

பரிவட்டத் துணியை சவரிமுத்து மடித்து என் மேசையில் வைத்திருந்தார்.  அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது. கறிச்சோறு நான்கு வீட்டிலிருந்து வந்தது, தொடவில்லை.

பூமயில் விடியற்காலையே மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம். கண்மாயைத் திறந்துவிடுவது பற்றிக் கமிட்டி அடுத்த மாதம் பேசுமாம்.

மார்ச் 23, திங்கள்

ஆர்டர் வந்தது. கும்பகோணம். மனோகரி போனில் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு அழுகையும் ஒன்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

பூமயில் செட்டி ஏந்தல் கண்மாயில் கிடை போட்டிருப்பதாக சவரிமுத்து விசாரித்துச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். மந்தையில் இருபத்தாறு எண்ணினேன். மீதியில் சில செத்தன, சிலவற்றை வியாபாரி கேட்ட விலைக்கு ஓட்டிவிட்டாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். தூரத்தில் ஆடு திருப்பிக்கொண்டிருந்தாள், என் பக்கம் வரவில்லை.

உட்காரச் சாக்கை விரித்துப் போட்டாள் பூமயில். நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அலுவலக முத்திரை, கையொப்பம், தேதி எல்லாம் சரியாகப் போட்ட சர்ட்டிபிகேட்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. வாசிங்க. சத்தமா.”

வாசித்தேன். ‘பூமயில் என்பவரின் ஆடுகளுக்கும் கோயிலில் பலியிடப்பட்ட கிடாய்க்கும் கண்டது சுத்து நோய். நாய்களின் நாடாப்புழு முட்டையால் ஆட்டு மூளையில் கட்டி உண்டாகி வருவது. இதில் ஆட்டின் உரிமையாளர்மீது எந்தக் குற்றமும் இல்லை.’ ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

“எங்கப்பாரு இதத் தண்ணிமூளைன்னு சொல்லுவாரு” என்றாள் பூமயில். “கொம்புக்குப் பின்னால அமுக்கிப் பாத்தாத் தெரியும். மொத நாளே அமுக்கிப் பாத்துட்டேன்.”

“அப்ப ஏம்மா நீங்க சொல்லல?”

“நான் சொன்னா, ஆட்டுக்காரி சாமியப் பழிக்கிறான்னு சொல்லுவாக. நீங்க படிச்சவுக. நீங்க வந்து அமுக்குனப்ப வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அமுக்குனதும் உங்க மொகம் மாறுச்சு. சரி, சொல்லிருவாகன்னு வீட்டுக்குப் போயி நிம்மதியாக் கஞ்சி குடிச்சேன்.”

காகிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தாள். “நல்லா எழுதிருக்கீக. இத அங்க நின்னு வாசிங்க. இந்தக் கண்மாயில யாரும் எம்மேல குத்தம் சொல்லல.”

மார்ச் 31, செவ்வாய்

கும்பகோணம் பஸ்ஸுக்காக மானாமதுரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவரிமுத்து பஸ் வரை வந்தார். கருப்பர் கோயில்தான் நிறுத்தம். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். ஏழு மெதுவடை. ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் மாவு வைத்து மூடி மாத்திரை செருகியிருந்தார்.

“ஏழும் இங்கதான் படுத்துருக்கு சார். போற வழியில ஒரு நல்ல காரியம். நான் குடுத்துருவேன், ஆனா சர்ச்சுக்குப் போற வேதக்காரன் கருப்பர் நாய்க்கு விசம் வச்சான்னு ஆயிரும். நீங்க பரிவட்டம் கட்டுனவரு. உங்கள யாரும் கேக்க மாட்டாக.”

அவர் போய்விட்டார். நான் பஸ்ஸில் ஏறிப் பெட்டியை வைத்தேன். ஜன்னலுக்கு நேராக நாய்கள். ஒன்று எழுந்து வந்து வடை வாசனைக்கு வாலாட்டியது. பீடத்தின் பக்கத்தில் கமிட்டி ஆட்கள் நாலு பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பீடத்து முளையில் கட்டிய புதுக் கயிறு காலியாகத் தொங்கியது. அடுத்த வருடத்துக்கு.

இறங்கினால் பத்தடி. சட்டைப் பையில் காகிதம், மடியில் வடை. இருபது நிமிஷமும் மடியில்தான் இருந்தது.

பிறகு வழியில் மாத்திரைகளை நோண்டி எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, இங்கே மானாமதுரை வந்துதான் வடையைத் தின்றேன். நன்றாகவே இருந்தது.

டிரைவர் ஏறினார், கருப்பரைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார், வண்டியை எடுத்தார். பஸ் பீடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. நானும் வலப்பக்கமாகத்தான் சுற்றினேன், அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.